அணியத்திலேயே நிறுத்த வேண்டிய ஈரம்

சென்னைக் கடலில் சிறிய பாய்ப்படகு ஓட்டுகிறவர்களிடம், உடன் வருபவர்கள் நனையாமலிருக்க என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், “இந்த வெயிலுக்கு நனைந்தால் நல்லதுதானே” என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அது குளிர்நாட்டுக்காரர்களின் கவலை, வெதுவெதுப்பான வங்கக் கடலில் அதற்கு என்ன வேலை என்று நினைப்பது இயல்பே. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்து, துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட கடலில் 16 அடித் திறந்த படகொன்றைப் பல ஆண்டுகளாக ஓட்டிவரும் எனக்கு அந்தப் பதிலில் உடன்பாடு இல்லை. உடன் வருபவரை உலர்வாக வைத்திருப்பது படகோட்டியின் பொறுப்பு என்றும், அந்த வேலையை ரெயின்கோட்டின் தலையில் கட்டுவதற்கு முன்பே அணியத்திலும் (படகின் முன்முனையிலும்) சுக்கானிலும் செய்து முடித்துவிட வேண்டும் என்றும் நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடல் நீர் வெதுவெதுப்பாக இருப்பதால் நனைந்த உடம்பும் அப்படியே இருந்துவிடாது. ஒரு லிட்டர் நீர் தோலின் மேலிருந்து ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் செலவாகிறது. 30 பாகை செல்சியஸில் இருக்கும் அதே ஒரு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பத்தைப் போல இது எட்டு மடங்கு. காற்று ஓயாமல் வீச, சட்டை உலர உலரப் புதிய திவலை வந்து நனைத்துக்கொண்டே இருந்தால், அந்த வெப்பத்தில் பெரும்பங்கை உடம்புதான் கொடுத்தாக வேண்டும். ஜூன் மாதப் பிற்பகல் ஒன்றில் திருவொற்றியூருக்கு வடக்கேயிருந்து காற்றை எதிர்த்துத் திரும்பிக்கொண்டிருந்தபோது, காற்றுப் பக்கத்து விளிம்பில் உட்கார்ந்திருந்த என் அக்கா மகள், “வெயில் இப்படி அடிக்குது, எனக்கு மட்டும் ஏன் மாமா குளிருது?” என்று கேட்டாள். அவளுடைய விரல் நுனிகள் சுருங்கி வெளுத்திருந்தன. எப்போதும் ஒரு கையால் விடுவிக்கும் பாய்க்கயிற்றை அன்று இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். காற்று திடீரென்று வலுக்கும்போது அந்தக் கயிற்றை நொடியில் விட்டால்தான் படகு கவிழாமல் நிற்கும். விறைத்த கை அதைச் செய்வதில்லை.

குளிரைவிட மெதுவாக வந்து, அதைவிட நீண்ட நேரம் தொல்லை தருவது உப்பு. ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். சென்னையில் இரவிலும் அதிகாலையிலும் ஈரப்பதம் பல நாட்களில் அந்த அளவுக்கு மேலேதான் நிற்கிறது. கடல் நீரில் நனைந்த துணியை நல்ல தண்ணீரில் அலசாமல் கொடியில் போட்டால் மறுநாள் காலையில் அது மீண்டும் பிசுபிசுத்துக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். அந்தத் துணியோடு மரப்பலகையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, படகு குதிக்கும்போதெல்லாம் உரசினால், தொடையிலும் லைஃப் ஜாக்கெட் பட்டை படும் இடத்திலும் தோல் வழன்று புண்ணாகிவிடும்.

எங்கள் பக்கத்துக் கடலுக்கு வேறொரு கவலையும் உண்டு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டபோது கொட்டிய எண்ணெய் இந்தக் கரை நெடுகப் படிந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய் பரவியது. மழை கொட்டித் தீர்த்த பிறகு ஆறுகளும் கால்வாய்களும் நகரத்தின் கழிவு அத்தனையையும் கடலில் கொண்டுவந்து சேர்க்கின்றன. கடலின் மேல்பரப்பில் மிதப்பது எதுவோ, அதுதான் திவலையாகி உடன் வருபவரின் கண்ணிலும் வாயிலும் விழுகிறது. பிள்ளைகளைப் படகில் ஏற்றுகிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

திவலை புறப்படும் இடத்தைக் கிட்டத்தில் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகும். அணியம் அலையின் முகத்தில் இறங்கும்போது நீர் பக்கப் பலகையோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறுகிறது. விளிம்பைத் தாண்டியதும் அது மெல்லிய தகடாகப் பிரிந்து நிற்கிறது. அந்தத் தகட்டின் மேலோரம் துளித்துளியாக உடைகிறது. அந்தத் துளிகளைக் காற்று வாரியெடுத்துப் பின்னால் வீசுகிறது. காற்று படாத மறைவுப் பக்கத்தில் எழும் நீரைக் காற்றே வெளியே தள்ளிவிடுவதால் அது யார்மீதும் படுவதில்லை. ஆகவே காற்றுப் பக்கத்து அணியத்தின் முதல் நான்கைந்து அடியில் நடப்பதுதான் கணக்கு. படகு சாயாமலிருக்கக் குழுவினர் உட்கார வேண்டியதும் அதே காற்றுப் பக்கம்தான், அதிலும் முன்னால் இருப்பவர் பாய்மரத்துக்கு அருகில், முழு வீச்சும் விழும் இடத்தில். சுக்கான் பிடிப்பவருக்கு அவருடைய முதுகே மறைப்பாக இருப்பதால், நனைகிறவரின் அவதி படகை ஓட்டுகிறவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

படகு செல்லும் திசையைப் பொறுத்து இந்த வீச்சு எவ்வளவு மாறும் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். 12 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்) காற்றில் 5 நாட் வேகத்தில் ஓடும் படகு காற்றுக்கு 45 பாகை சாய்வாக எதிர்த்துச் சென்றால், படகில் உட்கார்ந்திருப்பவர் உணரும் காற்று ஏறத்தாழ 16 நாட். அதே படகு அதே வேகத்தில் காற்றோடு சென்றால் அவர் உணர்வது 7 நாட் மட்டுமே. எதிர்த்துப் போகும்போது அலையும் எதிரே வந்து மோதுகிறது. உடன் போகும்போது அலை பின்னாலிருந்து தூக்கிவிட்டு மெதுவாகக் கடந்து செல்கிறது. எண்ணூர்ப் பக்கம் போகிற எல்லாருக்கும் இது பழக்கமான அனுபவம். பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து அடிக்கும் கடற்காற்றில் வடக்கே போவது சுகமான ஓட்டம், ஒரு துளி கூட உள்ளே வராது. திரும்பித் தெற்கு நோக்கிய உடனே காற்றும் அலையும் இடப்பக்க அணியத்துக்கு வந்துவிடும். துறைமுகம் வரும்வரை கடல் பக்கம் உட்கார்ந்திருப்பவர் குளித்துக்கொண்டே வர வேண்டும்.

கட்டுமரத்தில் பாய் விரித்துத் தொழில் செய்த தலைமுறை இதை நேரத்தைக் கொண்டே சமாளித்தது. விடியுமுன் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் வெளியே போனார்கள். பகலில் கடற்காற்று கிளம்பியதும் அதையே பாயில் வாங்கிக்கொண்டு கரை திரும்பினார்கள். போகும்போதும் வரும்போதும் காற்று முதுகுப் பக்கமே இருந்தது. கட்டுமரம் யாரையும் உலர்வாக வைக்கும் கலம் அல்ல, கட்டைகளின் இடுக்கு வழியாக நீர் வந்து நீர் போகும். ஆனாலும் வேண்டாத நேரத்தில் அலையோடு மல்லுக்கட்டும் வழக்கம் அவர்களிடம் இருக்கவில்லை. என்ஜின் வந்தபிறகு யாரும் காற்றுக்காகக் காத்திருப்பதில்லை. பாய்ப்படகு வைத்திருக்கும் நமக்கு அந்தப் பழைய நேரக்கணக்கு இன்றும் பொருந்தும். காலையில் மேற்கிலிருந்து வரும் காற்றில் கரையோரக் கடல் தட்டையாகக் கிடக்கும். வடக்கே போய்விட்டுக் கடற்காற்று வலுப்பதற்கு முன் திரும்பிவிட்டால் சட்டைக் காலர் கூட நனையாது. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில் காசிமேட்டு முகப்பில் நெரிசலும் குறைவு என்பதால், புதிதாக வருகிறவர்களை அந்தக் காலைகளில் அழைத்துச் செல்வதையே நான் விரும்புகிறேன்.

போகும் வழியும் முக்கியம். துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் தடுக்கப்பட்டு, மெரினா அகன்றது, ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையிலான கரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கல்லும், பின்னர் கடலுக்குள் நீளும்படி கட்டிய தூண்டில் வளைவுகள் என்ற கற்சுவர்களும் கரையைக் காத்தாலும், மணல் கரையைப் போல அலையை முழுவதும் உள்வாங்கிக்கொள்வதில்லை. ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. வரும் அலையும் திரும்பும் அலையும் சந்திக்கும் பட்டையில் கடல் திசையின்றிக் குத்துக்குத்தாக எழும், அங்கே எந்தப் பக்கம் திருப்பினாலும் அணியத்தில் அடி விழும். கரையை ஒட்டிப் போனால் பாதுகாப்பு என்று நினைத்து அந்தப் பட்டைக்குள்ளேயே படகை ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். கொஞ்சம் வெளியே தள்ளிப் போனால் அலை உயரமாக இருந்தாலும் ஒழுங்காக வரும், படகு அதன்மேல் ஏறி இறங்கும். எண்ணூர்க் கழிமுகத்தில் நீர் வற்றும் நேரமும் தவிர்க்க வேண்டியது. வெளியேறும் ஓட்டமும் உள்ளே வரும் அலையும் மோதுவதால் அங்கே அலை குறுகிச் செங்குத்தாகிவிடும்.

காற்றை எதிர்த்துத்தான் போயாக வேண்டும் என்ற நிலையில், சுக்கான் பிடிப்பவர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டிருக்கும் முதியவர் ஒருவர், நான் ஐயா என்று அழைப்பவர், “அலைய நெஞ்சுல வாங்காத, தோள்ல வாங்கு” என்று எனக்குச் சொன்னார். காற்றுக்கு மிக நெருக்கமாகப் பிடிக்காமல் ஐந்து, பத்து பாகை விலகி ஓட்டினால் தூரம் கொஞ்சம் கூடும், ஆனால் படகு அறைவது நின்றுவிடும். அலையின் முகத்தில் ஏறும்போது மெல்ல எதிரே திருப்பி, முகடு வந்ததும் விலக்கி, முதுகில் வழுக்கி இறங்க வேண்டும்; முகட்டைத் தாண்டி அணியம் வெறுமையில் தொங்கி அடுத்த பள்ளத்தில் விழும்போதுதான் பெரிய திவலை எழுகிறது. பாயை முன்கூட்டியே சுருக்குவதும் மிகப் பெரிய உதவி. 5 நாட் வேகத்தில் ஓடும் படகு 4 நாட் வேகத்துக்கு இறங்கினால் வீடு சேர அரை மணி கூடுதலாகலாம், ஆனால் அலையோடு மோதும் வேகம் குறைந்து, நீர் விளிம்புக்கு மேலே எழும்பாமல் பக்கவாட்டில் விழும். போட்டி ஓட்டத்தில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் நனைந்தே தீர வேண்டும். நம்மில் பெரும்பாலோர் போட்டியில் இல்லை.

படகுக்குள் இருக்கும் எடையும் இதில் சேரும். வழக்கத்தை ஒட்டி நங்கூரத்தையும் சங்கிலியையும் அணியத்தின் மூக்கில் போட்டு வைப்பது பலரிடம் உண்டு. அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோ அங்கே இருக்கும்வரை முனை ஒவ்வோர் அலையிலும் தாமதமாகவே எழும். அதையும் தண்ணீர் கேனையும் பாய்மரத்தடிக்கு மாற்றி, ஆட்களை ஒருவரையொருவர் ஒட்டி நடுவில் உட்கார வைத்து, குறுகிய அலையில் எல்லாரும் அரையடி பின்னே நகர்ந்தால், முனை இலேசாகித் தானே எழுந்து கொடுக்கிறது. செலவே இல்லாத மாற்றம் இது.

இனி மரவேலை. பக்கப் பலகையில் ஏறும் நீர்த் தகட்டை விளிம்புக்குக் கீழேயே பிரித்துவிட்டால் அது துளியாக உடைந்தாலும் தாழ்வாகவே பறக்கும். அதற்கு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, முனையிலிருந்து படகின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு ஒரு மரச்சட்டத்தைப் பொருத்தினால் போதும். அந்தச் சட்டத்தின் கீழ்முகம் தட்டையாகவும் ஓரம் கூர்மையாகவும் இருக்க வேண்டும். அழகுக்காக ஓரத்தை உருட்டிவிட்டால் நீர் அந்த வளைவைப் பற்றிக்கொண்டு மேலே போய்விடும். படகின் மேல் விளிம்புக்கும் இதே விதிதான். முன்தளத்தின் மேல் வரும் நீருக்கு வேறொரு தடுப்பு உண்டு. 1950களில் பிரிட்டனில் உருவான சிறு பாய்ப்படகுகள் பலவற்றில் பாய்மரத்துக்கு முன்னால் வி வடிவத்தில் ஒரு பலகை நிற்பதைக் காணலாம். முன்னால் வரும் நீரை அது இருபுறமும் பிரித்துக் கடலிலேயே கொட்டிவிடும். எங்கள் படகில் அது 8 சென்டிமீட்டர் உயரம். உயரத்தைவிட அடியில் இடைவெளி இல்லாமல் பொருந்துவதே முக்கியம். ஒரு நூல் அளவு இடுக்கிருந்தாலும் அதன் வழியாக நீர் பீய்ச்சியடிக்கும்.

பலகைக்கு மேல் பறந்து வரும் துளிகளைத் தடுக்கத் துணிக் கூடாரம் வேண்டும். திறந்த படகுக்கும் துணிக்கும் உள்ள உறவைச் சொல்ல வேண்டுமானால் ஃபிராங்க் டை என்ற ஆங்கிலேயரைச் சொல்ல வேண்டும். இயான் பிராக்டர் 1957இல் வடிவமைத்த வேஃபேரர் என்ற 4.8 மீட்டர் திறந்த படகில் அவர் இன்னொருவருடன் 1963இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்கும், அடுத்த ஆண்டு நார்வேக்கும் போனார். கடல் மிஞ்சியபோது பாயை இறக்கி, படகின் முனையை அலைக்கு நேராக இழுத்து நிறுத்தும் கடல்நங்கூரத்தை நீரில் விட்டு, படகின் மேல் துணியை இழுத்து மூடிக்கொண்டார். நாம் அங்கெல்லாம் போகப்போவதில்லை; ஆனால் துணி செய்யும் வேலை எங்கும் ஒன்றுதான்.

எங்கள் கூடாரத்தை மணலியில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் ஒரு தம்பிதான் தைத்துக் கொடுத்தார். முனையிலிருந்து பாய்மரத்துக்கு இறுக்கிக் கட்டிய கயிறு ஒன்று முகட்டு வளையாக நிற்க, அதன் இருபுறமும் துணி ஓலைக் கூரையைப் போலச் சரிந்து விளிம்புக்கு வெளியே ஒரு சாண் தொங்குகிறது. பின்புற ஓரத்தில் வளைத்த அலுமினியக் குழாய் ஒன்று அதைத் தூக்கிப் பிடிக்கிறது. மடிப்புத் தையலை எப்படிப் போடுவது என்று நான் வரைந்து காட்டத் தொடங்கியபோது அவர் தடுத்து, “ஓடுற லாரிக்கு மழை முன்னாலருந்துதான்ணே அடிக்கும், மடிப்பு வாய் பின்னால பாத்துதான் வைப்போம்” என்றார். படகுக்கும் அதுவே சரி. நூல் பாலியெஸ்டராக இருக்க வேண்டும், பருத்தி நூல் ஈரத்தில் மக்கிப்போகும், நைலான் வெயிலில் விரைவில் வலுவிழக்கும். துணியின் கண் வளையங்கள் பித்தளையாக இருந்தால் பச்சை பூத்தாலும் பிடி விடாது. இரும்பில் முலாம் பூசியவை ஒரே பருவத்தில் துருவேறித் துணியையும் அரித்துவிடும்.

உயரத்தில் பேராசை கூடாது. சுக்கான் அருகில் உட்கார்ந்தவரின் கண்மட்டத்துக்குக் கீழேயே முகடு நிற்க வேண்டும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் ஜன்னல் வைக்கலாம் என்று பலர் சொல்வார்கள். உப்பு படிந்து, துடைக்கத் துடைக்கக் கீறல் விழுந்து, மாலை வெயிலில் அது வெள்ளைத் திரையாகிவிடும். கப்பலும் விசைப்படகும் ஃபைபர் படகும் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் நம் கடலில் எதிரே வருவது தெரியாமல் ஓட்டுவதைவிட நனைவது மேல். தாழ்ந்த கூடாரமே போதும் என்பதற்குக் காரணம், துளிகள் பெரும்பாலும் அணியத்திலிருந்து தாழ்வாகவே பறந்து வருகின்றன. எங்களுடைய கூடாரம் பாய்மரத்தருகே முழங்கால் உயரம்தான். அதற்குப் பின்னால் உட்கார்ந்தவரின் இடுப்பும் மடியும் காய்ந்தே இருக்கின்றன, முகத்தில் மட்டும் அவ்வப்போது சாரல். காற்றுப் பக்கத்து விளிம்பில் செங்குத்தாகத் துணித் திரை கட்டுவதும் உண்டு; 16 அடிப் படகில் அது காற்றைப் பிடித்துச் சாய்க்கும் என்பதால் எனக்கு அது ஒப்பவில்லை.

உடையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல இருக்கிறது. கெட்டியான பி.வி.சி. ரெயின்கோட்டை நம் வெயிலில் மாட்டினால் வியர்வையே உள்ளிருந்து நனைத்துவிடும். உடம்பின் மேல்பாதிக்கு மட்டும் மெல்லிய நைலான் மேலாடை, உள்ளே வேகமாக உலரும் செயற்கை இழைச் சட்டை, கழுத்தில் சுற்றிய சிறு துண்டு, இவை போதும். துண்டு இல்லையென்றால் முகத்தில் படும் நீர் முழுவதும் கழுத்து வழியே மார்புக்கு இறங்கிவிடும். லைஃப் ஜாக்கெட் எப்போதும் மேலாடைக்கு வெளியே. மாற்றுத் துணியும் ஒரு பாட்டில் நல்ல தண்ணீரும், வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பையோடு, பாய்மரத்தடியில் இருக்க வேண்டும். கரையேறிய உடனே முகத்தையும் கையையும் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டால் மேலே சொன்ன புண் பெரும்பாலும் வருவதில்லை.

எவ்வளவு தடுத்தாலும் கொஞ்சம் நீர் உள்ளே வரத்தான் செய்யும். ஒரு சதுர மீட்டர் தரையில் 5 சென்டிமீட்டர் நீர் நின்றாலே அது 50 கிலோவுக்கு மேல். ஓர் ஆள் சொல்பேச்சுக் கேட்காமல் படகுக்குள் இங்கும் அங்கும் ஓடுவதற்குச் சமம். வாளியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்து, சேரும்போதே இறைத்துவிட வேண்டும்.

கூடாரம் பொருத்தியவர்கள் அதோடு வெளிக்கடலுக்குப் போவதற்கு முன், அலையில்லாத நீரில் படகை வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். கவிழ்ந்த படகில் ஒருவர் துணிக்கு அடியில் மாட்டிக்கொண்டால், உலர்வாக வைக்கக் கட்டியதே அவர் மூச்சை அடைத்துவிடும். எங்கள் படகில் துணியின் பின் ஓரம் முழுவதும் ஒரே கயிற்றில் கோத்து இழுப்பு முடிச்சாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஓர் இழுப்பில் மொத்தமும் விடுபடும். அந்த முடிச்சின் வால் இரண்டு பக்கத்திலும், உள்ளே இருப்பவருக்கும் வெளியே நீரில் இருப்பவருக்கும் எட்டும்படி விளிம்பில் தொங்குகிறது. அதற்கு மஞ்சள் பாலிபுரொப்பிலீன் கயிறு போட்டிருக்கிறோம். அது மிதக்கும், கலங்கிய நீரிலும் கண்ணுக்குத் தெரியும், காசிமேட்டில் எந்த வலைக்கடையிலும் கிடைக்கும்.